அம்மா முட்டிவலிக்கு வாங்குன டென்ஸ் மெஷின், 5 மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

முட்டிவலி இடுப்புவலிக்கு டென்ஸ் மெஷின் வாங்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். கம்பெனி பேரு போடல, நான் சொல்லப்போறது எந்தக் கம்பெனி டென்ஸுக்கும் பொருந்தும். எங்களுக்கு 1,850 ரூபாய் ஆச்சு. பெட்டிக்குள்ள பழைய நோக்கியா போன் சைஸ்ல ஒரு மெஷின், 2 வயர், பிசின் மாதிரி ஒட்டுற 4 ஜெல் பேடு, இடுப்புல மாட்ட ஒரு கிளிப், அப்புறம் ஒண்ணுமே புரியாத ஒரு மேனுவல். பிசியோதெரபி போனா "கரண்ட் வைக்கிறாங்க"ன்னு சொல்லுவோம்ல, அதோட வீட்டு சைஸ்னு வச்சுக்கோங்க. தோல் மேல பேடு ஒட்டி, சின்ன சின்ன மின் துடிப்பா நரம்புக்குள்ள அனுப்பும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 63 வயசு. 26 வருசம் சத்துணவு மையத்துல சமையல் வேலை. பெரிய அண்டாவுக்கு முன்னாடி நின்னே பழகின கால். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் வலது முட்டி அதிகமா தொந்தரவு குடுக்க ஆரம்பிச்சது. மாடிப்படி இறங்குறப்ப கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ரெண்டு காலையும் வச்சு வச்சு இறங்குவாங்க. எக்ஸ்ரே எடுத்தோம், லேசான தேய்மானம்னு வந்துச்சு. அந்தப் படத்தைப் பாத்த ஒரு டாக்டர், "படத்துல பெருசா ஒண்ணுமில்லையேம்மா, நீங்க மனசுல ரொம்ப நெனைக்கிறீங்க"ன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து, "ஏண்டி, நான் நடிக்கிறேன்னா சொல்றாரு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

நான் ஸ்கூல்ல விலங்கியல் டீச்சர். வருசா வருசம் 11ஆம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் எடுக்கிறவ. அம்மாவோட அந்தக் கேள்விக்கு உருப்படியா பதில் சொல்லத் தெரியலைன்னு எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. அதனால மெஷின் வாங்கின கையோட வலியைப் பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், இந்த ரிவ்யூல பாதி அதுதான் இருக்கும், பொறுத்துக்கோங்க, ஏன்னா அது தெரியாம இந்த மெஷினை ஓட்டினா கண்டிப்பா "வேஸ்ட்"னு பரண்ல தூக்கிப் போட்டுடுவீங்க.

முதல் வாரம் எங்களுக்கும் அப்படித்தான் ஆச்சு. லெவல் 4ல வச்சேன், எறும்பு ஊருற மாதிரி இருக்குன்னாங்க, அரை மணி நேரம் வச்சு எடுத்தா வலி அப்படியே இருக்கு. பயந்து பயந்து கம்மியா வச்சதுதான் தப்பு. கடிக்காம, ஆனா நல்லா "குறுகுறு"ன்னு அழுத்தமா தெரியணும், தாங்குற எல்லையில பெரும்பகுதி வரைக்கும் ஏத்தணும். இப்ப அம்மாவுக்கு லெவல் 11. அதுக்கும் கீழ வச்சா அது சும்மா லைட் எரியுற பொம்மைதான்.

ஏன் அப்படின்னா, வலியைக் கொண்டு போற நரம்பு நாரும் தொடுதலைக் கொண்டு போற நாரும் வேற வேற. தொடுதலுக்கு இருக்கிறது தடியான நார், மேல உறை போட்டது, செகண்டுக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்துல ஓடும். மந்தமான, இழுத்துக்கிட்டே இருக்கிற வலியைக் கொண்டு போறது உறை இல்லாத மெல்லிசு நார், செகண்டுக்கு அரை மீட்டர்ல இருந்து 2 மீட்டர் வரைக்கும்தான். முட்டியில இருந்து தண்டுவடம் வரைக்கும் முக்கா மீட்டர்னு வச்சா, தொடுதல் சேதி கண் சிமிட்டறதுக்குள்ள போய்ச் சேந்துடும், வலி கிட்டத்தட்ட ஒரு செகண்ட் கழிச்சு நடந்து வரும். இடிச்சுக்கிட்ட உடனே எல்லாரும் அந்த எடத்தைத் தேச்சு விடுறோம்ல? தேய்க்கிறப்ப தடியான நார் வழியா வர்ற சேதி, தண்டுவடத்துல வலி நரம்பு அடுத்த நரம்போட சேருற எடத்துலயே குறுக்க பூந்து அதை அமுக்குது. 1965ல ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு வலி ஆராய்ச்சியாளருங்க இதைத்தான் வாசல் கோட்பாடுன்னு எழுதினாங்க. 2 வருசம் கழிச்சு வாலும் ஸ்வீட்டுன்னு இன்னொருத்தரும் சேந்து, முதல்ல தங்களோட முகத்து நரம்புலயே கரண்ட் குடுத்துப் பாத்துட்டு, அப்புறம் தீராத வலி இருந்த 8 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க. இப்ப அம்மா முட்டியில ஒட்டியிருக்கிற பேடோட தாத்தா அதுதான்.

எனக்கு வாசல்னு சொல்றதை விட மடைன்னு சொல்றது பிடிக்கும். எங்க ஊர்ப்பக்கம் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆள் உண்டு, எந்த மடையை எவ்வளவு தெறக்கணும், எந்த வயலுக்கு எத்தனை நாழின்னு அவருதான் முடிவு பண்ணுவாரு. தண்டுவடத்துல இருக்கிறது மடை. அப்ப நீர்ப்பாய்ச்சி யாரு? இங்கதான் விஷயமே இருக்கு. அந்த ஆள் மேல, மூளைத்தண்டுல உக்காந்திருக்காரு.

நடுமூளைக்கு நடுவுல ஒரு மெல்லிசு நீர்க்குழாய் ஓடுது, அதைச் சுத்தி சாம்பல் நிறத்துல ஒரு திசு, பி.ஏ.ஜின்னு சுருக்கமா சொல்றாங்க. 1969ல ரெனால்ட்ஸ்னு ஒருத்தர் எலியோட அந்த எடத்துல மின்கம்பி வச்சு கரண்ட் குடுத்துக்கிட்டே, மயக்க மருந்து இல்லாம வயித்தைத் தெறந்து ஆபரேஷன் பண்ணாரு, எலி துடிக்கல. (படிக்கிறப்ப எனக்கு அந்த எலியை நெனச்சு மனசு ஒரு மாதிரி ஆச்சு, ஆனா அதுக்கு அப்புறம்தான் மூளையே வலியை நிறுத்த முடியும்னு உலகம் நம்ப ஆரம்பிச்சது.) பி.ஏ.ஜி நேரா தண்டுவடத்தோட பேசுறதை விட, பெரும்பாலும் கீழ முகுளத்துல இருக்கிற ஆர்.வி.எம்னு ஒரு பகுதி வழியாத்தான் பேசும். அங்க இருந்து நரம்பு நார் இறங்கி தண்டுவடத்து மடைக்கு வருது.

அந்த ஆர்.வி.எம்ல இருக்கிற செல்லுங்களைப் பத்திப் படிச்சப்ப நான் ராத்திரி 11 மணிக்கு எந்திரிச்சு அம்மாவை எழுப்பலாமான்னு கூட நெனச்சேன். ஹோவர்ட் ஃபீல்ட்ஸ்னு ஒரு அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளரோட டீம் 1983ல என்ன பண்ணாங்கன்னா, லேசான மயக்கத்துல இருக்கிற எலியோட வாலைச் சூடு பண்ணி, ஒவ்வொரு செல்லா கேட்டுப் பாத்தாங்க. ஒரு வகை செல்லு, வாலை இழுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி படபடன்னு வெடிக்குது. இன்னொரு வகை, அதே நேரத்துல டக்குனு வாயை மூடிக்குது. முதல் வகைக்கு ஆன் செல், ரெண்டாவதுக்கு ஆஃப் செல்னு பேரு வச்சாங்க. ஆன் செல் மடையைத் தெறந்து விடுது, வலி ஜாஸ்தியாகும். ஆஃப் செல் விடாம பேசிக்கிட்டே இருக்கிற வரைக்கும் மடை மூடியிருக்கும். கடுமையான வலிக்குப் போடுற மார்ஃபின் மருந்தைக் குடுத்தா ஆஃப் செல் நிறுத்தாம ஓடுது, ஆன் செல் அடங்கிடுது. ரெண்டும் பக்கத்து பக்கத்துல, ஒரே எடத்துல இருக்குங்க. வலியைக் குறைக்கிறதும் கூட்டுறதும் ஒரே வீட்டுல குடியிருக்கு.

இதுல இன்னொரு நுட்பம் உண்டு, பொறுமையா படிங்க. பி.ஏ.ஜில இருக்கிற "வலியைக் குறை"ன்னு ஆர்டர் போடுற செல்லுங்க எப்பவும் ஃப்ரீயா இல்ல, காபான்னு ஒரு ரசாயனத்தைச் சுரக்கிற குட்டி செல்லுங்க அதோட கையைப் புடிச்சு வச்சிருக்கு. நம்ம உடம்பே தயார் பண்ணுற மார்ஃபின் மாதிரி பொருள் வந்து அந்தப் புடிச்சிருக்கிற கையைத் தட்டி விடும், உடனே ஆர்டர் போடுற செல்லு வேலையைத் தொடங்கும். அதாவது தடுக்கிறவனைத் தடுக்கிறதுனாலதான் வேலை நடக்குது. மூளைக்குள்ளயே அப்படி ஒரு பொருள் இருக்குன்னு 1975ல ஸ்காட்லாந்து அபர்டீன்ல ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் பன்னி மூளையில இருந்து பிரிச்சு எடுத்துக் காட்டினாங்க, என்கெஃபலின்னு பேரு. 1978ல ஃபீல்ட்ஸும் கூட இருந்தவங்களும், கடவாப்பல் புடுங்கினவங்களுக்கு வெறும் டம்மி ஊசி போட்டு வலி குறைஞ்சவங்களைப் பாத்தாங்க, அவங்களுக்கு நாலாக்ஸோன் குடுத்ததும் வலி திரும்ப ஏறிடுச்சு. நாலாக்ஸோன் மார்ஃபினை முறிக்கிற மருந்து. அப்ப டம்மி ஊசியால வலி குறைஞ்சது வெறும் கற்பனை இல்ல, உள்ள நெஜமாவே ரசாயனம் வேலை பாத்திருக்கு.

அம்மா கேட்டதுக்குப் பதில் எனக்கு இங்கதான் கெடச்சது. 2009ல ஆக்ஸ்ஃபோர்டுல இடுப்பு மூட்டு தேய்மானம் உள்ளவங்களை ஸ்கேன்ல படுக்க வச்சு, வலி பரவுற எடத்துத் தோலை லேசா குத்திப் பாத்தாங்க, சாதாரண ஆளுங்களை விட இவங்களுக்கு பி.ஏ.ஜி அதிகமா வேலை செஞ்சது ஸ்கேன்ல தெரிஞ்சது. மூட்டு ரொம்ப நாள் அழுதுக்கிட்டே இருந்தா மேல இருக்கிற நீர்ப்பாய்ச்சியோட பழக்கமே மாறிடுது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், மடையைக் காட்டாது. இதை அம்மா கிட்ட சாப்பாட்டு மேசையில உப்பு டப்பா, ஊறுகா பாட்டில் எல்லாம் வச்சு வெளக்கினேன். "அப்ப நான் சும்மா சொல்லல"ன்னாங்க. "இல்லம்மா, நீ சொன்னது அத்தனையும் நெஜம்"னேன். கொஞ்ச நேரம் அந்த உப்பு டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

இப்ப மெஷினுக்கு வர்றேன். அதுல 3 மோடு இருக்கு. முதல் மோடு செகண்டுக்கு 100 துடிப்பு, தேனீக் கூட்டம் மாதிரி ஒரே சீரா இருக்கும். ரெண்டாவது 4 துடிப்பு, தொடைச் சதை டொக் டொக்னு துள்ளுறது கண்ணுக்கே தெரியும். மூணாவது ரெண்டையும் மாத்தி மாத்தி குடுக்கும். கடைக்காரங்க "எதை வேணா வைங்க, எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னாங்க. ஒண்ணு இல்ல. அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல கேத்லீன் ஸ்லூக்கான்னு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஆராய்ச்சியாளரும் கூட, அவங்க டீம் 2001ல எலியோட முட்டியில வீக்கம் வர வச்சு டென்ஸ் குடுத்தாங்க, அதே நேரத்துல ஆர்.வி.எம்ல மார்ஃபின் மாதிரி பொருள் போய் உக்காருற ஓபியாய்டு பூட்டை வகை வகையா தனித்தனியா அடைச்சுப் பாத்தாங்க. மியூ வகையை அடைச்சா மெதுவான டென்ஸ் வேலை செய்யல, டெல்ட்டா வகையை அடைச்சா வேகமான டென்ஸ் வேலை செய்யல. பின்னாடி பி.ஏ.ஜியையே ஊமையாக்கிப் பாத்தப்பவும் டென்ஸோட பலன் போயிடுச்சு. அதாவது நாம ஒட்டுறது முட்டியில, சாவி திரும்புறது மூளைத்தண்டுல, அதுவும் ரெண்டு மோடும் ரெண்டு வேற வேற சாவி.

இது தெரிஞ்சா ரெண்டு மூணு விஷயம் தானா வெளங்கும். டிரமடால் மாதிரி ஓபியாய்டு வலி மாத்திரையை ரொம்ப நாளா சாப்பிடுறவங்களுக்கு மியூ பூட்டு ஏற்கனவே பழகிப் போயிருக்கும், அவங்களுக்கு மெதுவான மோடை விட வேகமான மோடுதான் கேக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் லெவலை ஏத்தி வச்சதுல இருந்து ஆறாவது நாள் எங்களுக்கு நடந்தது. அஞ்சு நாள் நல்லா வேலை செஞ்ச மெஷின் ஆறாவது நாள் "இன்னிக்கு ஒண்ணும் தெரியலடி"ன்னு அம்மா சொன்னாங்க, நான் பேட்டரி போச்சுன்னு நெனச்சு புது செல்லு வாங்கிப் போட்டேன், அப்பவும் அதேதான். மெஷின் மேல தப்பில்ல. ஒரே மோடு, ஒரே லெவல்ல தினமும் வச்சா எலிக்கு 4 நாள்லயும் மனுசனுக்கு 5 நாள்லயும் பழகிப்போகுதுன்னு ஆராய்ச்சியிலயே பாத்திருக்காங்க, மார்ஃபினுக்கு உடம்பு பழகுற மாதிரியேதான். ரெண்டு மோடையும் கலந்து வச்சா, இல்ல தினமும் லெவலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனா அது தள்ளிப்போகுது. அன்னில இருந்து மூணாவது மோடுதான், வாரத்துல 2 நாள் லீவு. திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சது.

காபி. இதை நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. 1995ல வந்த ஒரு சின்ன ஆய்வுல, டென்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடி 200 மில்லிகிராம் காஃபின் எடுத்தவங்களுக்கு வலி குறையுறது மட்டுப்பட்டுச்சு. காஃபின், உடம்புல இருக்கிற அடினோசின்னு ஒரு ரசாயனத்தோட பூட்டை அடைக்கும், டென்ஸுக்கு அந்தப் பூட்டும் வேணும் போல. அம்மாவுக்கு 4 மணிக்கு டிகாஷன் காபி இல்லாம ஆகாது, அதனால மெஷினை 3 மணிக்கு மாத்திட்டோம், முடிச்சதும் காபி. எவ்வளவு வித்தியாசம்னு அளந்து சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல, ஆனா அம்மா இந்த ஏற்பாட்டை சந்தோசமா ஏத்துக்கிட்டாங்க.

குறைகளைச் சொல்லணும். பேடுதான் பெரிய தலைவலி. 20, 25 தடவைக்கு மேல ஒட்டாது. அதுலயும் அம்மா தைலம் தேய்க்கிற ஆளு, அந்த எண்ணெய்ப் பசை மேல ஒட்டினா ரெண்டே நாள்ல போச்சு. சோப்பு போட்டுக் கழுவி, நல்லா தொடச்சு, காஞ்சப்புறம் ஒட்டணும். ஒரு நாள் பேடோட ஓரம் பேந்து ஒரு ரூபா காசு அளவுதான் தோல்ல ஒட்டியிருந்துச்சு, அத்தனை கரண்டும் அந்த சின்ன எடத்துல எறங்கி சுருக்குனு தேள் கொட்டுன மாதிரி இருந்துச்சுன்னு அம்மா காலை உதறிட்டாங்க, சிவந்தும் போச்சு. பேடு பேந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடுங்க, பிளாஸ்திரி போட்டு ஒட்டி மிச்சம் புடிக்காதீங்க. மாத்து பேடு ஆர்டர் போட்டதுல வித்தவங்க பின் சைஸ் தப்பா அனுப்பிட்டாங்க, எங்க வயர்ல இருந்தது 2 மில்லிமீட்டர், வந்தது பொத்தான் மாதிரி அமுக்குற வகை, திருப்பி அனுப்பி பணம் வர்றதுக்கு 3 வாரம், அந்த 3 வாரமும் அம்மா பழையபடி படியில ரெண்டு ரெண்டு காலா இறங்கினாங்க, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. வாங்கும்போதே 2 செட் எக்ஸ்ட்ரா பேடு சேத்து வாங்கிடுங்க. லெவல் 7ல இருந்து 8க்கு ஏத்துறப்ப ஒரு குதி குதிக்கும், அது இந்த மெஷினோட தப்பு, மெதுவா ஏறியிருக்கணும்.

எல்லாருக்கும் ஒத்துக்காது. பேஸ்மேக்கர் வச்சிருக்கிறவங்க தொடவே கூடாது. கழுத்து முன்பக்கம், கண்ணு மேல, புண்ணு மேல ஒட்டக்கூடாது, கர்ப்பிணிங்க வயித்துல வைக்கக்கூடாது, வலிப்பு வர்றவங்க டாக்டரைக் கேக்காம எடுக்கக்கூடாது. சர்க்கரை வியாதியில கால் மரத்துப்போனவங்களுக்கு சூடும் சுருக்கும் தெரியாது, கவனம். வண்டி ஓட்டுறப்ப, தூங்குறப்ப வேண்டாம்.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடணும். பிரிட்டன்ல நைஸ்னு டாக்டர்களுக்கு வழிகாட்டுற அமைப்பு, 2016ல இடுப்புவலிக்கும் 2022ல மூட்டு தேய்மானத்துக்கும் டென்ஸ் குடுக்க வேண்டாம், ஆதாரம் போதலைன்னு எழுதியிருக்கு. அதே 2022ல 381 சோதனைகளைச் சேத்து அலசின ஒரு ஆய்வு, வைக்கிறப்பவும் வச்சு முடிச்ச கையோடயும் வலி குறையுதுன்னு சொல்லுது. ரெண்டையும் படிச்சுட்டு நான் முடிவு பண்ணது, தேஞ்ச சவ்வை இது வளக்காது, நாளைக்கும் வலி இல்லாம ஆக்காது, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு மடையைக் கொஞ்சம் இறக்கித் தரும். அந்த நேரத்தை நாம எதுக்குச் செலவு பண்ணுறோம்கிறதுதான் முக்கியம். படுத்துக்கிட்டு வைக்கிறதை விட நடக்கிறப்ப வைக்கிறதுல பலன் நல்லாத் தெரியுது. 2020ல ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு பூரா தீராத வலி இருக்கிற 301 பெண்களுக்கு வேலை செய்யுறப்பவே டென்ஸ் போடச் சொல்லி 4 வாரம் பாத்தாங்க, அசையுறப்ப வர்ற வலி குறைஞ்சது, களைப்பும் குறைஞ்சது. அதைப் படிச்சுட்டு நானும் அம்மா இடுப்புல மெஷினை மாட்டிவிட்டு, தொடைக்குப் பிசியோ சொல்லிக்குடுத்த பயிற்சியை அந்த நேரத்துலதான் செய்யச் சொல்றேன். சேர்ல உக்காந்து காலை நீட்டி 10 எண்ணுற வரைக்கும் புடிக்கிறது. முன்னாடி 4 தடவைக்கே முகம் சுருங்கும், இப்ப 15 போகுது.

நடுவுல வேற ஒரு டாக்டர் டுலோக்செடின் எழுதிக் குடுத்தாங்க. மெடிக்கல்ல "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே"ன்னு ஒரு பையன் சொல்ல, அம்மா முகம் திரும்பவும் அந்த பஸ் நாள் மாதிரி ஆயிடுச்சு. மூளைத்தண்டுல இருந்து மடைக்கு இறங்குற நரம்புங்கள்ல சிலது செரட்டோனின், நார்அட்ரினலின்னு ரெண்டு ரசாயனத்தைச் சுரக்குது, இந்த மாத்திரை அது ரெண்டையும் அந்த எடத்துல கொஞ்சம் அதிக நேரம் தங்க வைக்கும், அமெரிக்காவுல 2010லயே தீராத மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் குடுக்க அனுமதி ஆயிடுச்சுன்னு அங்க நின்னபடியே சொன்னேன். அம்மா அந்தப் பையன் கிட்ட, "எனக்குக் கால்வலிக்குப்பா, மேல இருந்து மடை மூட"ன்னு சொல்லிட்டு சில்லறையை எண்ணிக் குடுத்தாங்க.

திரும்ப வாங்குவேனான்னு கேட்டா வாங்குவேன், பேடு கெடைக்கிறதுக்கு உத்தரவாதம் இருக்கிற கடையா பாத்து. 5க்கு 3½ குடுப்பேன். பேடும் மேனுவலும் சரியா இருந்தா 4½.

போன வெள்ளிக்கிழமை அம்மா புடவைக்குள்ள வயரை விட்டு, மெஷினை இடுப்புல சொருகிக்கிட்டு, மூணாவது மோடுல வச்சு, தெருமுனை அம்மன் கோயில் வரைக்கும் நடந்தே போயிட்டு வந்தாங்க. அந்தக் கோயில்ல 9 படி. இறங்குறப்ப ஒவ்வொரு படிக்கும் ஒரு கால்தான் வச்சாங்க, நான் பின்னாடி நின்னு எண்ணினேன்.